கானோரத்து வல்லாரை: எதற்கு, எவ்வளவு, எங்கிருந்து

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் தன் மகனுக்கு, மாமியார் நாள்தோறும் விடிகாலையில் வெறும் வயிற்றில் அரை டம்ளர் வல்லாரைச் சாறு கொடுத்து வருவதாகவும், அந்த இலையைத் தேயிலை மலையின் கானோரத்தில், அதாவது வடிகால் ஓரத்தில், பறித்து வருவதாகவும் இலங்கை மலையகத்தின் பண்டாரவளைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். இது உண்மையில் நினைவாற்றலைக் கூட்டுமா, தொடர்ந்து கொடுக்கலாமா, நம் முன்னோர் வல்லாரையை எப்படித்தான் பயன்படுத்தினார்கள் என்பவை அவருடைய கேள்விகள்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாற்றை நிறுத்துங்கள், கீரையை நிறுத்த வேண்டாம், பறிக்கும் இடத்தை இன்றைக்கே மாற்றுங்கள். நான் வைத்தியன் அல்லன். தலவாக்கலைப் பக்கம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான ஒரு லயத்தில் பிறந்து, இலை மருந்து தெரிந்த அப்பாயியிடம் வளர்ந்து, பிற்பாடு மலையகப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரியல் கற்பித்தவன். இரண்டு பக்கமும் தெரிந்ததனால் இந்தக் கேள்விக்கு நிதானமாகவே பதில் எழுத விரும்புகிறேன்.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காண வேண்டும். வல்லாரை தரையோடு ஊர்ந்து படரும் சிறு கொடி. நூல் போன்ற, சிவப்போடிய தண்டு ஓடிக்கொண்டே போய், கணுவுக்குக் கணு கீழே வேர்விட்டு, மேலே நீண்ட காம்புள்ள இலைகளை எழுப்பும். இலை குதிரைக் குளம்பைப் போல, காம்பு சேரும் இடத்தில் ஆழமாகப் பிளந்திருக்கும். ஓரம் முழுவதும் சிறுசிறு வளைவான வெட்டுகள் இருக்கும். பூ மிகச் சிறியது; இலைகளுக்கு அடியில் மண்ணை ஒட்டி ஒளிந்திருப்பதால் பலரும் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். கசக்கி முகர்ந்தால் மெல்லிய கொத்தமல்லி வாடை வரும். அதற்குக் காரணம், நுவரெலியாக் கரட்டும் செலரியும் கொத்தமல்லியும் சீரகமும் சேர்ந்த குடும்பத்தில்தான் இதுவும் இருக்கிறது. அதே ஈர மண்ணில் இதைப் போலவே வட்ட இலையுள்ள வேறு படர்செடிகளும் வளர்கின்றன. ஓரத்தில் வெட்டே இல்லாத வழவழப்பான இலையும், கோணல் கோணலாக மடல் பிரிந்து மயிர் படர்ந்த இலையும் வல்லாரை அல்ல. சந்தேகமாக இருந்தால் பறிக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

என் அப்பாயி இலை பறித்த விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல், லயத்துக்குக் கீழே, ஊற்று நீர் குழாயாக விழும் பீலியின் தண்ணீர் வழிந்தோடும் கசிவில் குந்தி உட்காருவார். கொடியை ஒருபோதும் இழுக்கமாட்டார். பெருவிரல் நகத்தால் காம்பை அடியில் கிள்ளி, முற்றிய இலையையும் பூச்சி அரித்த இலையையும் அங்கேயே கழித்துவிட்டு, நல்லதை மட்டும் மடியில் சேர்ப்பார். ஒரு கணுவில் நாலு இலை இருந்தால் இரண்டை விட்டுவிடுவார். பிறகு பீலியில் தண்ணீர் விழ விழ, காம்பைச் சேர்த்துப் பிடித்து, இலையின் முதுகைத் திருப்பித் திருப்பிக் கழுவுவார். மழைக்காலத்து இலை பெரிதாக, நீர்த்து, கசப்புக் குறைந்து இருக்கும், அது சம்பலுக்கு. வெயில்காலத்து இலை சிறுத்து, தடித்து, நாக்கில் கசப்பு நிற்கும், அது மருந்துக்கு. இந்தப் பாகுபாட்டை அவர் எந்த ஏட்டிலும் படிக்கவில்லை, நாக்கால் அறிந்திருந்தார்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து இந்த மலைகளுக்கு வந்த நம் மக்கள் மூலிகை அறிவை மனத்தில் சுமந்து வந்தார்கள். செடிகளைச் சுமந்து வர இயலவில்லை. சமவெளி வெயிலில் வேலிதோறும் கிடைத்த பல மூலிகைகள் நாலாயிரம், ஐந்தாயிரம் அடி உயரத்துக் குளிரில் சரியாக வரவில்லை. வல்லாரையோ ஈரமும் நிழலும் கிடைத்த இடமெல்லாம் பரவும் செடி. கான் வெட்டிய இடம், பீலியடி, மலையாற்றங்கரை என்று எங்கும் அது காத்திருந்தது. ஊரில் பத்து மூலிகை செய்த வேலையை இங்கே ஓரிரண்டு செடிகளே செய்ய வேண்டியிருந்தது என்பதும், மலையகத்து வல்லாரையின் மீது இத்தனை நம்பிக்கை குவிந்ததற்கு அதுவே பெரிய காரணம் என்பதும் என் கருத்து.

அந்த நம்பிக்கை முதலில் வாய்க்கும் வயிற்றுக்கும் புண்ணுக்கும் உரியதாகத்தான் இருந்தது. வல்லாரையின் குணத்தைச் சொல்லும் பழைய சித்த மருத்துவப் பாடலொன்று உண்டு. குழந்தைகளுக்கு வாயில் வரும் அக்கரம், வயிற்றுப்போக்கு, இரத்தக் கடுப்பு ஆகியவற்றை இது தீர்க்கும் என்று கூறி, இதை வீட்டிலேயே வளர்த்து வை என்று முடிகிறது. எங்கள் லயத்தில் நடந்ததும் அதுவேதான். வாய்ப்புண் வந்த பிள்ளைக்கு இரண்டு இலையை மென்று சற்று நேரம் வாயில் அடக்கி வைத்திருக்கச் சொல்வார்கள். வயிற்றுக் கடுப்புக்கு இலையை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். சொறி சிரங்குக்கு மஞ்சளோடு அரைத்துப் பூசுவார்கள். அட்டை கடித்துச் சொறிந்து புண்ணாகிப்போன கெண்டைக்காலுக்கும், தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி பட்ட கைக்கும் இதே விழுதுதான். தேங்காயெண்ணெயில் காய்ச்சித் தலைக்குத் தேய்ப்பதும் உண்டு. மூளைக்கு நல்லது என்ற பேச்சும் இருந்ததுதான். ஆனால் அது பேச்சோடு பேச்சாக வந்ததே தவிர, அதற்கென்று யாரும் டம்ளர் கணக்கில் பிழிந்து குடிக்கவில்லை.

இவற்றுள் புண் ஆற்றும் குணத்துக்குத்தான் இன்றைய அறிவியல் மிக உறுதியாகத் துணை நிற்கிறது. 1855இல் புதுச்சேரியில் இருந்த லெப்பின் என்ற பிரெஞ்சு மருந்தாளர் இந்தச் செடியைப் பகுத்து ஆராய்ந்து, தான் பிரித்தெடுத்த பொருளுக்கு 'வெல்லரின்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் நம்முடைய வல்லாரை என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நம் பாட்டிமாரின் வாயில் இருந்த சொல் ஐரோப்பிய மருந்து நூல்களில் ஏறியதை என் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு 1941இல் மடகஸ்கார் தீவில் வளரும் வல்லாரையிலிருந்து ஏசியாட்டிகோசைடு என்ற பொருள் தூய நிலையில் பிரிக்கப்பட்டது. தோல் அறுபட்ட இடத்தில் கொலாஜன் என்னும் புரத இழைகள் உருவாகித்தான் புண் மூடுகிறது. இந்தப் பொருளும் இதன் உறவுப் பொருள்களும் அந்த இழை உருவாவதைத் தூண்டுகின்றன. வல்லாரைச் சாரத்தில் செய்த மடெகசோல் போன்ற களிம்புகள் இன்று மருந்தகங்களில் விற்கப்படுவதற்குக் காரணம் இதுவே.

ஆயினும் அப்பாயி செய்ததைப் போலப் பச்சை இலையை அரைத்துத் திறந்த புண்ணில் வைக்கும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். களிம்பில் இருப்பது சுத்தம் செய்த சாரம். அம்மியில் அரைத்த விழுதில் இலையோடு மண்ணும் மண்ணிலுள்ள கிருமியும் சேர்ந்து வரும். கவ்வாத்துக் கத்தி வெட்டு ஆழமானது, துருவும் மண்ணும் பட்டது. சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கழுவி, சுத்தமான துணியால் கட்டி, அன்றே ஏற்புத் தடுப்பூசிக்குப் போவதுதான் முறை. அதுபோல, பிள்ளைக்கு வயிற்றோட்டத்தோடு இரத்தம் கண்டால் வல்லாரை தேடி மலைக்குப் போகாமல், ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைத் தூளைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாய்ப்புண்ணுக்கு நன்றாகக் கழுவிய இரண்டு இலையை மெல்வதில் மட்டும் எனக்குத் தடை எதுவும் இல்லை.

இனி, சகோதரியின் முதற்கேள்வியான நினைவாற்றல். வடமொழி மருத்துவ நூல்கள் வல்லாரையை மண்டூகபர்ணி என்று அழைத்து அறிவை வளர்ப்பவற்றுள் சேர்க்கின்றன. நம்மவர்கள் சரஸ்வதிக் கீரை என்றார்கள். பிராமி என்ற பெயரில் கடைகளில் விற்கும் வில்லைகள் சில வேளை வல்லாரையாகவும், சில வேளை நீர்ப்பிரமி என்ற முற்றிலும் வேறான செடியாகவும் இருக்கும். இந்தப் பெயர்க் குழப்பத்தால் ஒன்றின் பெருமை மற்றொன்றின் மேல் ஏறியிருக்கிறது. மனிதர்களிடம் வல்லாரையைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளை எல்லாம் திரட்டி மதிப்பிட்ட ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. நினைவு, கவனம் முதலிய அறிவாற்றல்கள் உயர்ந்தன என்று கொள்வதற்குப் போதிய சான்று இல்லை என்றும், மனம் சற்று விழிப்படைந்து கோபம் தணிந்ததாக மட்டும் அறிகுறி உண்டு என்றும் அது முடிவு சொன்னது. பத்து வயதுப் பிள்ளை பரீட்சையில் கூடுதலாகப் புள்ளி எடுப்பதற்கு இதைக் குடிக்க வேண்டும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பாட்டி பேரப்பிள்ளை மேல் வைத்த அன்பினால்தான் விடியலில் எழுந்து பனியில் நனைந்து இலை பறிக்கிறார். அந்த அன்பை மதிக்க வேண்டும். அதற்காக அந்த டம்ளரைத் தொடர வேண்டியதில்லை.

ஏன் தொடரக் கூடாது என்றால், கீரையாக உண்ணும்போது ஒரு கைப்பிடி இலை சோற்றோடும் தேங்காயோடும் கலந்து மெதுவாக உள்ளே போகிறது. அரை டம்ளர் சாறு பிழிய அதைப்போல் பல மடங்கு இலை வேண்டும், அத்தனையும் வெறும் வயிற்றில் ஒரே வேளையில் இறங்குகிறது. அளவு மீறினால் தலைவலியும் மயக்கமும் வரும் என்று பழைய மருந்து நூல்களே எச்சரிக்கின்றன. இது எனக்கு ஏட்டில் படித்துத் தெரிந்த செய்தி மட்டும் அன்று. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பு நானே ஆசைப்பட்டு இரண்டு வாரம் சாறு குடித்தேன். வயிற்றைப் புரட்டுவதும், பத்து மணியளவில் வகுப்பில் தலை கனத்துக் கண் சொருகுவதும் வழக்கமாயின. விஷயம் தெரிந்த அப்பாயி, "கீரைய கீரையா தின்னுய்யா, மருந்தா குடிக்கிறதுக்கு ஒனக்கென்ன நோவா?" என்று கேட்டுக் கிண்ணத்தை வாங்கிக் கவிழ்த்துவிட்டார். ஸ்பானிய மருத்துவ இதழொன்றில் 2005இல் வெளியான அறிக்கை, வல்லாரைத் தயாரிப்பை 20 முதல் 60 நாள் வரை உட்கொண்ட மூன்று பெண்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டு மஞ்சள் காமாலை கண்டதையும், நிறுத்தியபின் அவர்கள் தேறியதையும் பதிவு செய்திருக்கிறது. மூன்று பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் மாதக்கணக்கில் நாள்தோறும் செறிவாகக் கொடுப்பதற்கு எதிராக அது போதுமான எச்சரிக்கை. நம் வைத்திய மரபிலும் மண்டலக் கணக்கு வைத்து மருந்தை நிறுத்தும் ஒழுங்கு இருந்தது. வீட்டு வழக்கில் அந்த ஒழுங்கு மறந்துபோய், மருந்து மட்டும் எஞ்சியிருக்கிறது.

கர்ப்பிணிகளும், கல்லீரல் நோய் உள்ளவர்களும், தூக்க மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ எடுப்பவர்களும் வல்லாரையை மருந்தளவில் தொடக் கூடாது.

சாற்றைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இலை வரும் இடம். அப்பாயி காலத்தில் எங்கள் மலையில் புல்லைச் சுரண்டியும் வெட்டியும் எடுத்தார்கள். ஆள் குறையக் குறைய, முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு களைக்கு மருந்தடிப்பது வழக்கமாகிவிட்டது. கிளைபோசேட் என்ற களைநாசினி நம் நாட்டில் 2015இல் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அடித்த மருந்து இலையில் படிந்தவுடனே செடி வாடிவிடுவதில்லை. வெளியே தெரியச் சில நாட்கள் பிடிக்கும். அந்த நாட்களில் வல்லாரை பச்சைப் பசேலென்று தளதளப்பாகவே இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. மேலும், மலைச்சரிவில் தெளித்த மருந்தும் போட்ட உரமும் மழையோடு வழிந்து வந்து சேரும் இடமே கான். நாங்கள் குடியிருந்த தோட்டத்தில் ஒருமுறை மருந்தடித்த செய்தியை லயத்துக்கு யாரும் சொல்லவில்லை. அன்று மாலை கானோரத்துக் கீரை பறித்த இரண்டு வீட்டுப் பிள்ளைகள் இரவெல்லாம் வாந்தியெடுத்தார்கள். கீரைதான் காரணமா என்று யாரும் ஆராய்ந்து பார்க்கவில்லை. அப்பாயி அன்றோடு கானோரத்துக் கீரை பறிப்பதை நிறுத்திவிட்டு, பீலிக்கு மேலே ஊற்றுக்கண் பக்கம் போகத் தொடங்கினார். அந்த முடிவைத்தான் நான் இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். தேயிலை நிரைக்குள்ளும், அதற்குக் கீழே ஓடும் கானிலும், லயத்துக் கழிவுநீர் வழியும் இடத்திலும், மாட்டுத் தொழுவத்தை ஒட்டியும் வளரும் வல்லாரை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அது உண்பதற்கு உரியதன்று.

கழுவுவதிலும் ஒரு முறை உண்டு. தரையோடு கிடக்கும் செடி என்பதால் இலையின் அடிப்பக்கத்திலும் காம்புப் பிளவிலும் மண்ணும் புழு முட்டையும் ஒட்டியிருக்கும். கட்டாகப் பிடித்து ஒரு முக்கு முக்கி எடுப்பதில் பயன் எதுவும் இல்லை. கட்டை அவிழ்த்து, உப்புக் கரைத்த நீரில் பத்து நிமிடம் போட்டு வைத்து, பிறகு ஒவ்வோர் இலையாக ஓடும் நீரில் பிடிக்க வேண்டும். அட்டையும் நத்தைக் குஞ்சும் உப்பு நீரில் தானாகக் கழன்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத முட்டையை உப்பு கொல்லாது, கையும் ஓடும் நீரும்தான் நீக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்காமல் சட்டியில் ஒரு வதக்கு வதக்கிக் கொடுப்பது இன்னும் பாதுகாப்பு.

சம்பல் செய்யும் விதம் எல்லோருக்கும் தெரியும். அதில் ஏன் என்ன சேர்கிறது என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன். இலையைச் சுருட்டிப் பிடித்து மயிரிழையாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், துருவிய தேங்காய், இடித்த மாசிக் கருவாடு, உப்பு போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து, கையாலேயே பிசறி எடுக்கிறோம். வல்லாரையோடு புளி சேர்த்தால் குணம் கெட்டுவிடும் என்ற கட்டுப்பாடு தமிழகத்து வழக்கில் உண்டு, அப்பாயியும் குழம்பில் அதைக் கடைப்பிடித்தார். ஆனால் சம்பலில் பழம் பிழிவதை அயல் கிராமத்துச் சிங்கள வீடுகளில் பார்த்து அவரே ஏற்றுக்கொண்டார். புளிப்பும் சூடும் சேர்ந்தால் இலையின் பச்சை மங்கி மண்நிறமாகும், அதைப் பார்த்துத்தான் குணம் போயிற்று என்று எண்ணினார்களோ என்று எனக்குத் தோன்றும். உண்மையில் எலுமிச்சையால் நன்மையே உண்டு. கீரையிலுள்ள இரும்புச்சத்தை நம் உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சையின் வைட்டமின் சி அதை ஏற்கச் செய்கிறது. இலையிலுள்ள கரோட்டினை உடல் ஏற்கத் தேங்காயின் கொழுப்பு உதவுகிறது. இவ்வளவும் சரியாகச் செய்துவிட்டு, ரொட்டியும் சம்பலும் தின்ற கையோடு சாயத்தண்ணீர் குடிப்பதுதான் நம் மலைகளில் நாள்தோறும் நடக்கும் தவறு. தேயிலையின் துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலுக்கு விடாது. இரத்தசோகை இவ்வளவு பரவியிருக்கும் நம் பெண்களுக்கு, தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்று சொல்வதை வல்லாரையின் எந்த மருத்துவ குணத்தைவிடவும் முக்கியமான செய்தியாக நான் கருதுகிறேன்.

பிள்ளைக்கு ஏதாவது காலையில் கொடுத்தே ஆக வேண்டும் என்று மாமியார் விரும்பினால், அந்தச் சாற்றுக்குப் பதிலாக இலைக்கஞ்சி வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பிடி சிவப்புப் பச்சையரிசியை நாலு பல் பூண்டோடு குழைய வேகவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றி, ஒரு கைப்பிடி வல்லாரையை அரைத்து வடித்த சாற்றைக் கடைசியில் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். கூடக் கொதித்தால் நிறம் கறுத்து, கசப்பு ஏறும். கித்துள் கருப்பட்டியை ஒரு கடி கடித்து ஒரு வாய் கஞ்சி குடிப்பது இந்நாட்டு வழக்கம். பிள்ளைகள் மறுக்காமல் குடிப்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் கஞ்சியோ சம்பலோ போதும். மற்ற நாட்களில் பொன்னாங்காணியும் முருங்கையிலையும் அந்த இடத்தைப் பிடிக்கட்டும். படிக்கும் பிள்ளை பசியோடு பாடசாலைக்குப் போகாமல் இருப்பதும், ஒன்பது மணிக்குள் தூங்கிவிடுவதும் நினைவாற்றலுக்குச் செய்யும் உதவியை எந்த இலையும் செய்யாது என்பதை, வகுப்பறையில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே முப்பது ஆண்டு கழித்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்ல முடியும்.

இலைக்கு எங்கே போவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. வீட்டு வாசலிலேயே வளர்க்கலாம், பழைய பாடலும் அதைத்தான் சொல்கிறது. நல்ல இடத்துக் கொடியில் வேர்விட்ட கணுவாகப் பார்த்துப் பத்துத் துண்டு வெட்டி வாருங்கள். அகலமான பழைய பேசினின் அடியில் துளையிட்டு, மண்ணும் மக்கிய சாணமும் சரிபாதி கலந்து நிரப்பி, கணு மண்ணுக்குள் அமிழுமாறு ஒரு சாண் இடைவெளியில் நட்டு, இஸ்தோப்பின் (வீட்டு முன்திண்ணையின்) ஓரத்தில் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துவிடுங்கள். மண் ஒருநாளும் காயக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. பண்டாரவளைப் பக்கம் ஆனி முதல் ஆவணி வரை மழை குறைந்து காற்று உலர்ந்திருக்கும் என்பதால் அந்த மாதங்களில் காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பேசின் மூடிவிடும். அப்போது முதற்பறிப்பைத் தொடங்கலாம்: கொடியை இழுக்காமல், காம்பை அடியில் நகத்தால் கிள்ளி, கணுவுக்கு இரண்டு இலை விட்டு.